சம்ப்பில் பவளம் வளர்க்க எந்த விளக்கு? முதலில் அளவு நாடா, அப்புறம் கடை

வந்த கேள்வி சுருக்கமாக இதுதான். வீடு மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமானில் (குடியிருப்பில்). கூடத்தில் 120 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலமுள்ள கடல்நீர்த் தொட்டி. கீழே அலமாரிக்குள் 90 செ.மீ. நீளம், 40 அகலம், 40 உயரத்தில் சம்ப் (மேல் தொட்டியின் நீர் வந்து சுத்தமாகி, பம்ப்பால் திரும்பிப் போகும் கீழ்த் தொட்டி). அதன் நடு அறை 45 செ.மீ. நீளத்துக்குச் சும்மா கிடக்கிறது. தண்ணீர் 24 செ.மீ. ஆழம் நிற்கிறது. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 300 லிட்டர். அந்த அறையில் சோவாந்திட், ஹேமர், கொஞ்சம் மான்டிபோரா ஆகிய பவளத் துண்டுகளை வளர்க்க ஆசை. ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் 100 வாட் வெள்ளை ஃபிளட்லைட் போதுமா, இல்லை இணையத்தில் 165 வாட் என்று விற்கும் கறுப்புப் பெட்டி எல்இடியை வாங்கலாமா?

இரண்டுமே வேண்டாம் தம்பி. இந்த அறைக்கு 35 முதல் 40 வாட்தான் தேவை. அதையும் ஒரே பெட்டியாக வாங்காமல் 40 – 45 செ.மீ. நீளமுள்ள இரண்டு பட்டை விளக்குகளாக வாங்குங்கள். நீலம் தூக்கலாக இருக்கட்டும், லென்ஸ் இருக்கக்கூடாது. நீர்மட்டத்துக்கு மேல் 22 – 25 செ.மீ. உயரத்தில் மாட்டி, பகலில் அணைத்து வைத்து, இரவில் எரிய விடுங்கள். ஏன் இப்படி என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் அளவுகள் கொஞ்சம் மாறினால் விடையும் மாறும்.

மேல் தொட்டிக்கு விளக்கு தேடும்போது ஆழம்தான் பிரச்சினை: 50, 60 செ.மீ. தண்ணீரைத் துளைத்து அடிவரை ஒளி போகவேண்டும். அதற்காகத்தான் 60 அல்லது 90 பாகை லென்ஸ் போட்ட விளக்குகள் வந்தன. சம்ப்பில் நிலைமை தலைகீழ். பவளத் தட்டு நீர்மட்டத்திலிருந்து 10 செ.மீ. கீழேதான் இருக்கும். மேலே அலமாரிக் கூரை இடிக்கும். கிட்டத்தில் வைத்த லென்ஸ் விளக்கு டார்ச்லைட் அடித்த மாதிரி நடுவில் ஒரு வட்டத்தைச் சுட்டெரிக்கும். நான்கு மூலையும் இருட்டாகவே இருக்கும். நடுவில் வைத்த துண்டு வெளிறிப் போகும், ஓரத்துத் துண்டு பழுப்பாகும். விளக்கு ஒன்று, தண்ணீர் ஒன்று, ஆனால் கோளாறு இரண்டு. பலர் இதைப் பார்த்துத் தண்ணீரைத்தான் சந்தேகிப்பார்கள். லென்ஸ் இல்லாத எல்இடி தானாகவே சுமார் 120 பாகைக்கு விரியும். அப்படிப்பட்ட இரண்டு பட்டைகளை 15 செ.மீ. இடைவெளி விட்டு இணையாக மாட்டினால், ஒன்றின் நிழலை மற்றது நிரப்பும். மான்டிபோரா தட்டுத் தட்டாக வளரும்போது அடியில் இருள் விழுவதும் குறையும்.

ஆகவே கடைக்குப் போகும் முன் மூன்று அளவு எடுங்கள். அறையின் உள்நீளம், உள்அகலம், நீர்மட்டத்திலிருந்து அலமாரிக் கூரை வரையுள்ள உயரம். மூன்றாவது அளவை எடுக்கும்போது மேலேற்றும் பம்ப்பை நிறுத்திப் பாருங்கள். மேல் தொட்டியில் 2 செ.மீ. நீர் இறங்கினாலே 12 லிட்டர் கீழே வரும். உங்கள் சம்ப்பில் அது 3 செ.மீ.க்கும் அதிகமாக மட்டத்தை உயர்த்தும். குழாயில் நிற்கும் தண்ணீரும் சேரும். மின்சாரம் போகும் ஒவ்வொரு முறையும் இது நடக்கும். அந்த உச்ச மட்டத்துக்கு மேலும் குறைந்தது 15 செ.மீ. இருந்தால்தான் விளக்கை அங்கே மாட்டலாம். நீரின் கழிவை நுரையாகப் பிரிக்கும் புரோட்டீன் ஸ்கிம்மரின் கோப்பையைக் கழற்றிக் கழுவ இடம் விட மறக்காதீர்கள். விளக்கு வந்தபின் கோப்பையை வெளியே எடுக்க முடியாமல் தவிப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தப்பு.

இன்னொன்று: பவளத் தட்டை மேலேற்றும் பம்ப் இருக்கும் அறையில் வைக்காதீர்கள். ஆவியாகும் நீர் முழுவதும் அந்த அறையில்தான் குறையும். ஒரே நாளில் மட்டம் பல செ.மீ. இறங்கலாம். தடுப்புக் கண்ணாடியால் மட்டம் மாறாமல் நிற்கும் நடு அறைதான் சரி. நீங்கள் தேர்ந்தெடுத்த இடம் நல்ல இடம்.

இனி எவ்வளவு ஒளி. பவளத்துக்குள் வாழும் பாசி உயிரிகள் 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளியைப் பயன்படுத்தும். ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு விழும் அந்த ஒளித்துகள்களின் எண்ணிக்கைதான் (மைக்ரோமோல் கணக்கில்) பார் அளவு. பொழுதுபோக்காளர்கள் நடைமுறையில் வைத்துக்கொள்ளும் எல்லை இப்படி: மஷ்ரூம், சோவாந்திட், லெதர் போன்ற மென்பவளங்களுக்கு 50 முதல் 100, ஹேமர், டார்ச், டங்கன் போன்ற பெரிய வாய்க் கல்பவளங்களுக்கு 75 முதல் 150, மான்டிபோராவுக்கு 150 முதல் 250, அக்ரோபோராவுக்கு 200 முதல் 350. புதிதாக வெட்டிய துண்டுக்கு இவற்றின் கீழ் எல்லையே போதும், காயம் ஆறும்வரை அதற்கு வெளிச்சத்தைவிட அமைதி முக்கியம்.

நீங்கள் சொன்ன மூன்றும் ஒரே தட்டில் வாழ, தட்டின் சராசரி 120, நடுவில் 170 – 180, ஓரத்தில் 70 – 80 என்று வந்தால் கச்சிதம். நடுவில் மான்டிபோரா, சுற்றி ஹேமர், மூலைகளில் சோவாந்திட். ஹேமரின் விழுதுகள் நீண்டு பக்கத்துப் பவளத்தைக் கொட்டும் என்பதால் சுற்றிலும் ஒரு சாண் இடம் விடவேண்டும். 45க்கு 40 தட்டில் இரண்டு ஹேமருக்கு மேல் வேண்டாம்.

வாட் கணக்கு கடினமில்லை. அறையின் பரப்பு 0.45 × 0.40, அதாவது 0.18 சதுர மீட்டர். 120ஆல் பெருக்கினால் 21.6. விளக்கிலிருந்து புறப்படும் ஒளியில் ஏறக்குறைய பாதி பக்கவாட்டில், கண்ணாடியில், நீர்ப்பரப்பில் வீணாகும் என்று வைத்தால் 43 தேவை. நல்ல எல்இடி பட்டை, டிரைவரின் (எல்இடிக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பெட்டியின்) இழப்பும் சேர்த்து, ஒரு வாட்டுக்குச் சுமார் 1.5 மைக்ரோமோல் தரும் என்று எடுத்தால் 29 வாட். விளக்கை முழுவேகத்தில் ஓட்டாமல் 75 – 80 சதவீதத்தில் ஓட்டுவதற்கு இடம் விட்டால் 35 – 40 வாட். இது பெட்டியில் அச்சடித்த வாட் அல்ல, சுவரிலிருந்து உண்மையில் இழுக்கும் வாட். மலிவு விளக்குகளில் இரண்டும் ஒன்றாக இருப்பது அரிது: 3 வாட் எல்இடியை எண்ணிப் பெருக்கிப் பெயர் வைத்துவிடுவார்கள். பிளக்கில் செருகும் சின்ன வாட் மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் ஏமாற மாட்டீர்கள். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரின் செலவைப் பார்க்கவும் அது உதவும்.

இந்தக் கணக்கிலேயே 165 வாட் பெட்டி ஏன் வேண்டாம் என்பது தெரிந்திருக்கும். அதை 20 சதவீதத்துக்குக் குறைத்து ஓட்டலாமே என்று கேட்கலாம். ஓட்டலாம். ஆனால் லென்ஸ் பிரச்சினை அப்படியே இருக்கும், அதன் காற்றாடி அலமாரியின் உப்புக் காற்றை உள்ளே இழுத்துச் சீக்கிரமே மின்பலகையை அரித்துவிடும், உயரமும் இடிக்கும். மேல் தொட்டிக்கு அது மோசமான விளக்கல்ல.

ஃபிளட்லைட் விஷயம் வேறு. 6500 கெல்வின் வெள்ளை ஃபிளட்லைட்டில் சோவாந்திட்டும் மஷ்ரூமும் உயிரோடு இருக்கும், வளரவும் செய்யும். அதன் ஒளியில் பெரும்பங்கு பச்சை, மஞ்சள் பகுதியில் விழுவதால் பவளத்தின் ஒளிரும் நிறங்கள் எழும்பாது. பச்சைச் சோவாந்திட்கூடச் சேற்று நிறத்தில் தெரியும். தண்ணீரைச் சுத்தம் செய்யச் சம்ப்பில் வளர்க்கும் சீட்டோ பாசிக்கு மட்டும் என்றால் 20 அல்லது 30 வாட் ஃபிளட்லைட்டே தாராளம். பவளத்துக்கு 100 வாட் என்பது வெப்பத்தை விலை கொடுத்து வாங்குவது.

கல்யாண மண்டப அலங்காரத்துக்கு விற்கும் ஊதா ஃபிளட்லைட் பக்கம் போகவே வேண்டாம். அவற்றில் பல 395 நானோமீட்டர் புறஊதாவை ஒட்டி நிற்பவை. பவளம் பளிச்சென்று ஒளிரும், பார்க்க அழகாயிருக்கும், ஆனால் பவளம் பயன்படுத்தும் ஒளி அதில் மிகக் குறைவு, கண்ணுக்கும் கெடுதல். செடி வளர்க்கும் சிவப்பு – நீல விளக்கும் அப்படித்தான், வேறு காரணத்துக்காக: சிவப்பு மிகுந்தால் சம்ப் சுவரெல்லாம் பாசிதான் செழிக்கும். டி5 குழாய் விளக்கு ஒருகாலத்தில் இந்த வேலைக்கு மிகப் பொருத்தம். 24 வாட் குழாய் 55 செ.மீ. நீளம், ஒளி சீராக விழும். ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஆகஸ்ட் முதல் டி5 குழாய்கள் சந்தைக்கு வருவதை நிறுத்திவிட்டது. பவளத்துக்கான நீலக் குழாய்கள் பல அங்கிருந்துதான் வந்தன. வருடத்துக்கு ஒருமுறை குழாய் மாற்றவேண்டிய விளக்கை இப்போது புதிதாக வாங்குவது வீண்.

பட்டை வாங்கும்போது எந்த நிறம் என்று கடைக்காரர் கேட்பார். பவளப் பாசிகளிலுள்ள பச்சையம் 430 முதல் 460 நானோமீட்டர் வரை நன்றாக உறிஞ்சும். அதோடு சேர்ந்த பெரிடினின் என்ற நிறமி 470 – 540 பக்கம் உறிஞ்சும். ஆகவே 450 ராயல் புளூ முதுகெலும்பு. 470 நீலம் கொஞ்சம், 420 ஊதா கொஞ்சம் இருந்தால் சரி. இரண்டு பட்டைகளில் ஒன்றை முழு நீலமாகவும், மற்றதை நீலமும் வெள்ளையும் கலந்ததாகவும் எடுங்கள். வெள்ளைக்குத் தனிச் சேனல் இருந்தால் 15 – 25 சதவீதம் போதும். வெள்ளை அறவே இல்லாமல் விட்டால் பவளம் சாகாது, ஆனால் வெளிறல் தொடங்கியதை நீங்கள் கவனிக்க மாட்டீர்கள். நீல ஒளியில் எல்லாப் பவளமும் ஆரோக்கியமாகத்தான் தெரியும். வாரம் ஒருமுறை வெள்ளை வெளிச்சத்தில் பார்ப்பது பழக்கமாகட்டும்.

கைப்பேசியிலுள்ள லக்ஸ் செயலியை வைத்துப் பார் அளவைக் கணிக்கலாமா என்பதும் பலர் கேட்பது. லக்ஸ் என்பது மனிதக் கண்ணின் கணக்கு. கண்ணுக்கு 555 நானோமீட்டர் பச்சைதான் மிகப் பிரகாசம், நீலம் மங்கல். வெயிலில் பார் 1 என்பது ஏறக்குறைய 54 லக்ஸ். 450 நானோமீட்டர் நீலத்தில் அதே பார் 1 என்பது 7 லக்ஸ் மட்டுமே. எட்டு மடங்கு வித்தியாசம். "வெளிச்சமே இல்லையே" என்று கண்ணை நம்பி நீலத்தைக் கூட்டியவர்கள் பவளத்தைப் பொசுக்கியது இதனால்தான். செயலியை ஒரு வேலைக்கு மட்டும் பயன்படுத்தலாம்: தண்ணீர் விடுவதற்கு முன், தட்டு வரும் உயரத்தில் கைப்பேசியை நகர்த்தி, நடுவுக்கும் மூலைக்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள். மூலை எண் நடுவின் ஐந்தில் இரண்டு பங்குக்கும் கீழே போனால் பட்டைகளை இன்னும் தள்ளி மாட்டவேண்டும். உண்மையான எண் வேண்டுமென்றால் அப்போஜி எம்கியூ-510 போன்ற, நீருக்குள் நேராக அளக்கும் மீட்டர்தான் வழி. விலை அதிகம். நான்கைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கி வீடு வீடாகச் சுற்றவிடலாம், ஆளுக்கு வருடத்தில் இரண்டு நாள்தானே தேவைப்படும்.

மீட்டர் கிடைக்காவிட்டால் பவளமே மீட்டர். ஒரே தாய்க் கூட்டத்திலிருந்து வெட்டிய ஐந்து சோவாந்திட் துண்டுகளை நடுவில் ஒன்றும் மூலைக்கு ஒன்றுமாக வையுங்கள். மூன்று வாரம் பொறுங்கள். காம்பு நீண்டு மேலே எட்டிப் பார்த்தால் ஒளி குறைவு. தட்டையாகத் தரையோடு ஒட்டி, பாவாடை (வாயைச் சுற்றியுள்ள விழுது வளையம்) சுருங்கி இருந்தால் ஒளி அதிகம்.

இப்போது வெப்பம். இந்தப் பதிலில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். நம் ஊரில் பவளத்தைக் கொல்வது பெரும்பாலும் ஒளியும் அல்ல, வெப்பமும் அல்ல. இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போவதுதான். நீர் 30 பாகையைத் தாண்டும்போது பாசி உயிரிகளின் ஒளிச்சேர்க்கை தடுமாறும். அந்த நேரத்தில் ஒளி பலமாக இருந்தால் நச்சு ஆக்சிஜன் உருவாகி, பவளம் அந்த உயிரிகளை வெளியேற்றிவிடும். கடலிலும் இதே கதைதான். 2010இல் கடல்நீர் சூடேறி வெளிறல் பரவியபோது தியோமான், ரெடாங் பக்கம் சில முக்குளிப்பு இடங்களைச் சில மாதம் மூடவேண்டி வந்தது.

உங்கள் 300 லிட்டரில் 35 வாட் விளக்கின் வெப்பம் முழுவதும் இறங்குவதாக வைத்தால், 10 மணி நேரத்தில் நீர் 1 பாகை ஏறும். 165 வாட் என்றால் 4.8 பாகை. நடைமுறையில் முழுதும் இறங்காது, நீர்ப்பரப்பிலிருந்தும் வெப்பம் போய்க்கொண்டே இருக்கும். ஆனால் மூடிய அலமாரிக்குள் போக வழி ஏது? மேல் தொட்டியின் விளக்கு வெளியே, கூடத்துக் காற்றாடிக்கு அடியில் இருக்கிறது. சம்ப் விளக்கு அடைத்த பெட்டிக்குள் இருக்கிறது. 40 வாட்டைக்கூட அலட்சியமாக நினைக்கக்கூடாது.

இரண்டு காரியம் செய்யுங்கள். அலமாரியின் பின்பக்கம் மேல் மூலையில் 12 செ.மீ. காற்றாடி ஒன்றை, காற்றை வெளியே தள்ளும் திசையில் பொருத்துங்கள். எதிர்ப்புறம் கீழே காற்று நுழைய அதே அளவு துவாரம். கணினிக்கான 12 வோல்ட் காற்றாடியே போதும். ஒரு லிட்டர் நீர் ஆவியானால் அது எடுத்துப் போகும் வெப்பம் 300 லிட்டரை ஏறக்குறைய 2 பாகை குளிர்விக்கும் அளவு. மழைக்காலத்தில், காற்றில் ஈரம் ஏறியிருக்கும் நாட்களில், இந்த உதவி குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஆவியான அளவுக்கு ஆர்ஓ கருவியில் வடிகட்டிய நன்னீர்தான் சேரவேண்டும், உப்பு நீர் அல்ல.

இரண்டாவது, நேரம். மேல் தொட்டி விளக்கு காலை 11 முதல் இரவு 8 வரை எரிந்தால், சம்ப் விளக்கு இரவு 9 முதல் காலை 7 வரை எரியட்டும். மதியம் வீடு 33 பாகையில் கொதிக்கும்போது சம்ப் விளக்கு அணைந்திருக்கும். விடியற்காலைக் குளிர்ச்சியில் அது எரியும். சில்லர் ஒரே நேரத்தில் இரண்டு விளக்கின் சுமையையும் சுமக்காது. அதோடு, இரவில் மேலேயுள்ள பவளங்களும் மீன்களும் கரியமில வாயுவை விடுவதால் பிஎச் (நீரின் அமில-கார அளவு) இறங்கும். கீழே ஒளிச்சேர்க்கை நடந்தால் அந்த இறக்கம் தணியும், ஆக்சிஜனும் கூடும். பவளத்துக்கு வெளியே சூரியன் எப்போது உதிக்கிறது என்ற கவலை கிடையாது. புதிய துண்டும் இந்த நேரமாற்றத்துக்குப் பழகிவிடும். கூடத்தில் படுப்பவர்கள் இருந்தால் அலமாரிக் கதவின் சந்தில் ரப்பர் பட்டை ஒட்டிவிடுங்கள். நள்ளிரவில் நீலம் கசியும்.

மின்செலவு பெரிய விஷயமில்லை: 35 வாட், 10 மணி நேரம், 30 நாள் சேர்ந்தால் 10.5 யூனிட். டிஎன்பி மின்கட்டண பில்லில் யூனிட் விலை என்னவோ அதால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

மாட்டுவது. பட்டையை அலமாரிப் பலகையோடு ஒட்டி வைக்காதீர்கள். அலுமினிய முதுகுக்கு மேலே 3 – 5 செ.மீ. காற்றோட்டம் வேண்டும். அழுத்தப்பட்ட மரத்தூள் பலகை ஈரத்தில் உப்பி, திருகு கழன்று விளக்கோடு தண்ணீரில் விழுந்த கதைகள் ஏராளம். திருகு பலகையைத் தாண்டி மறுபக்கம் போல்ட்–நட்டாக வரட்டும், 316 ரக ஸ்டெயின்லெஸ் எடுங்கள். 304கூட உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். இல்லையென்றால் சம்ப் கண்ணாடியின் இரு விளிம்பிலும் அக்ரிலிக் கால் வைத்து அதன்மேல் பட்டையை உட்காரவைக்கலாம். துப்புரவுக்குத் தூக்கி எடுக்க அது வசதி. விளக்கின் நீர்புகாத் தரம் ஐபி67 என்றால் நிம்மதி, ஐபி65க்குக் கீழே வேண்டவே வேண்டாம். டிரைவரும் அடாப்டரும் சம்ப்புக்கு நேர் மேலே இருக்கக்கூடாது; அலமாரிக்கு வெளியே, தரையிலிருந்து உயர்த்தி மாட்டுங்கள். ஒவ்வொரு வயரும் பிளக்குக்கு ஏறும் முன் ஒரு வளைவு கீழே தொங்கவேண்டும், வழியும் உப்புத் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், சாக்கெட்டுக்குள் போகாது. அந்தச் சாக்கெட் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) காவலில் இருக்கிறதா என்று வயர்மேனிடம் கேட்டு உறுதி செய்யுங்கள், மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். சாயங்கால இடிமழையில் அது தானாக அணைந்தால் பம்ப்பும் நிற்கும். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று கைவசம் இருப்பது நல்லது.

சம்ப்பில் வெளிச்சம் வந்தவுடன் இதுவரை இருட்டில் ஒழுங்காக இருந்தவை கெடத் தொடங்கும். பக்கத்து அறைகளுக்கு ஒளி கசிந்தால் ஸ்கிம்மர் சுவர், பம்ப் வாய், குழாய் எல்லாவற்றிலும் பாசி ஏறும். அதைவிட மோசம், நீர்மட்டத்தைப் பார்த்து நன்னீர் சேர்க்கும் கருவியின் ஒளி சென்சர். பலமான விளக்கு நேராகப் பட்டாலோ, கண்ணில் பாசி படிந்தாலோ அது தவறாகப் படித்து நன்னீரைக் கொட்டிக்கொண்டே இருக்கலாம், அல்லது ஊற்றாமலே விடலாம். உப்படர்த்தி சரியும்போது பவளம் சுருங்கும், நீங்கள் விளக்கைக் குறை சொல்வீர்கள். ஆகவே நடு அறையின் இரு தடுப்புக் கண்ணாடிகளிலும் வெளிப்பக்கம் கறுப்பு பிளாஸ்டிக் பலகை வைத்து மறையுங்கள். முன், பின் சுவர்களுக்கு வெளியே வெள்ளைப் பிவிசி பலகை வைத்தால் ஒளி திரும்பி உள்ளேயே விழும், மூலைகள் கொஞ்சம் தேறும்.

விளக்கு சரியாக இருந்தும் துண்டு வளராவிட்டால் பெரும்பாலும் நீரோட்டம்தான் காரணம். அந்த 43 லிட்டர் அறையில் தண்ணீர் சோம்பலாக நகரும், அழுக்கு தட்டின்மேல் படியும், அதன்மேல் சிவப்புச் சளிப்பாசி வரும். மணிக்கு 1500 – 2000 லிட்டர் தள்ளும் சின்ன அலைப்பம்ப் ஒன்றை, துண்டுகள்மேல் நேராக அடிக்காமல் கண்ணாடியில் மோதித் திரும்பும்படி வையுங்கள். ஸ்கிம்மர் அறையிலிருந்து நுண்குமிழிகள் வந்தால் அவை ஒளியைச் சிதறடிக்கும், பவளத்தையும் உறுத்தும். நடுவில் ஒரு பஞ்சுத் தடுப்பு போதும்.

ஒளி கூடினால் பசியும் கூடும். காரத்தன்மை 8 – 9 டிகேஎச், கால்சியம் லிட்டருக்கு 400 – 450 மி.கி., மெக்னீசியம் 1250 – 1350 மி.கி. என்ற எல்லையில் நிற்கட்டும். காரத்தன்மையை எப்போதும் ஒரே மணியில் சோதியுங்கள். இரவு முழுதும் சம்ப் பவளம் உறிஞ்சியபின் காலையில் எடுத்த எண்ணும் மாலையில் எடுத்த எண்ணும் ஒன்றாக இருக்காது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுழியமாக இருந்தால் ஒளியைக் கூட்டவே கூடாது. பட்டினியோடு பலத்த வெளிச்சம் சேர்ந்தால் பவளம் வெளிறும், பழுப்புச் சளியாக டைனோ பாசி கிளம்பும். நைட்ரேட் லிட்டருக்கு 5 – 15 மி.கி., பாஸ்பேட் 0.03 – 0.1 மி.கி. இருந்தால் கவலையில்லை.

முதல் நாள் விளக்கை 35 – 40 சதவீதத்தில், 6 மணி நேரம் மட்டும் எரியவிடுங்கள். இரண்டு வாரம் அப்படியே. பிறகு வாரம் ஒரு மணி நேரம் கூட்டி 10 மணி நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். நேரம் முழுதானபின் பலத்தைக் கூட்டத் தொடங்கி, வாரம் 5 சதவீதமாக 75 வரை போங்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்டக்கூடாது. நுனியிலோ மேல்பக்கத்திலோ மட்டும் வெளிறினால் ஒளி. அடியும் நிழலும் சேர்ந்து உடம்பு முழுதும் வெளிறினால் முதலில் வெப்பமானியைப் பாருங்கள். அடியிலிருந்து சதை உரிந்து ஏறினால் காரத்தன்மை ஏறி இறங்கியிருக்கலாம். ஒளி அதிகம் என்று தெரிந்தால் ஒரேயடியாக 15 சதவீதம் குறைத்துவிட்டு இரண்டு வாரம் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். துண்டைத் தினம் ஓர் இடம் மாற்றுவது எந்த வெளிச்சத்தையும்விடக் கெடுதல்.

துண்டுகளை வளர்ப்பவர்களிடமிருந்தே வாங்குங்கள். கடல் பூங்காவிலிருந்து பவளம் எடுப்பது சட்டப்படி குற்றம். காட்டுப் பவளம் சம்ப்பின் சின்ன இடத்துக்குப் பழகுவதும் கடினம்.

பலர் தவறவிடும் ஒன்று கடைசியாக. நாள்பட்ட தண்ணீரில் இலேசான மஞ்சள் ஏறும், அந்த மஞ்சள் நீல ஒளியைத்தான் முதலில் விழுங்கும். பட்டையின் முகப்பிலும் உப்புப் படலம் படிந்து ஒளியை மறைக்கும். பவளம் அந்தக் குறைந்த ஒளிக்குப் பழகிவிடும். அப்போது மஞ்சளை உறிஞ்சும் புதிய கார்பன் (வடிகட்டும் கரி) போட்டு, அதே நாளில் முகப்பையும் துடைத்தீர்களானால், விளக்கைத் தொடாமலே ஒளி திடீரென்று கூடிவிடும். நான்கு நாளில் மான்டிபோரா வெளுத்து நிற்கும். ஆகவே கார்பனைக் கொஞ்சம் கொஞ்சமாக மாதாமாதம் மாற்றுங்கள். முகப்பை வாரம் ஒருமுறை ஆர்ஓ நீரில் நனைத்த துணியால் துடையுங்கள். நீண்ட நாள் விட்டுத் துடைக்க நேர்ந்தால், துடைத்த அன்றே விளக்கை 10 சதவீதம் இறக்கி, இரண்டு வாரத்தில் பழைய இடத்துக்கு ஏற்றுங்கள்.